முத்தம்மாவின் கொப்பிக்கு வெளியீட்டாளர் யார்?

போன மாதம் ஒரு காலையில் பிரதீபா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு நூலகத்தில் என் கதிரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அவள். ஒரு மாணவரின் உசாத்துணைப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாளாம். ஒரு பதிவு மட்டும் போகவில்லை. "வெளியீட்டாளர்னு ஒரு கட்டம் சிவப்பா நிக்குது சார். அத நிரப்பாட்டி விடமாட்டேங்குது. என்ன போடுறது?" என்றாள். எந்த நூல் என்று கேட்டேன். "நூல் இல்ல சார். முத்தம்மான்னு ஒருத்தங்க கையால எழுதின கொப்பி."

நான் கையில் இருந்த பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் ஒன்றும் போடாதே, நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன். மறுநாள் பிலிமத்தலாவைச் சந்தியில் பஸ் ஏறிப் போய் அவளுக்கும் அங்கே வேலை செய்யும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொன்ன கதைதான் இது. கேட்டு முடித்ததும் எழுதித் தாருங்கள் என்றார்கள். நூலகத்தின் பெயரை எழுதமாட்டேன். கண்டிப் பக்கத்தில் பட்டம் கொடுக்கிற ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசி வருட மாணவர்கள் ஆய்வேடு எழுதுவார்கள். எந்தெந்த மூலங்களைப் பார்த்து எழுதினார்கள் என்ற உசாத்துணைப் பட்டியல் அதன் கடைசிப் பக்கங்களில் வரும். பைண்டிங்குக்குப் போகுமுன் அந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. நூல் என்றால் எழுதியவர், ஆண்டு, தலைப்பு, இடம், வெளியீட்டாளர். சஞ்சிகைக் கட்டுரை என்றால் கட்டுரைத் தலைப்பு தனியாக, சஞ்சிகையின் பெயர் தனியாக, பிறகு தொகுதி எண்ணும் பக்கங்களும். பத்திரிகைக்குத் தேதி வேண்டும். இணையத்தளத்துக்குப் பார்த்த நாள் வேண்டும். நேர்காணலுக்கு யார், எங்கே, என்றைக்கு என்பது வேண்டும். வெளியிடப்படாத தாள்கள் என்றால் அவை இப்போது யாரிடம் இருக்கின்றன என்பது வேண்டும். கேட்க உப்புச் சப்பில்லாத வேலை. எனக்கோ அதில் ஒரு வெறி இருந்தது. முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருந்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

உயர்தரப் பரீட்சை முடித்து, புத்தகம் அடுக்குகிற வேலைக்குத்தான் போனேன். பட்டியல் போடுகிற முறையை ஒரு தட்டச்சுத் தாளைப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன். கற்றது தாளில், அடி வாங்கியது ஆட்களிடம். அந்தத் தாள் குடும்பப் பெயரை முதலில் போடு என்று சொன்னது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர், அவருடைய நூலை அவர் அப்பாவின் பெயரில் பதிந்துவிட்டேன். மேசைக்கு வந்து நின்றார். "தம்பி, எழுதினது நான். அப்பா என்ர கடிதத்தையே முழுசா வாசிக்கமாட்டார்," என்றார். கோபப்படாமல்தான் சொன்னார், எனக்குத்தான் ஒரு வாரம் அவர் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு யாருடைய பெயரிலும் கை வைக்குமுன் யோசிப்பேன்.

அப்படி இப்படி என்று வருடங்கள் போக, நூலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது. சிவப்புப்பேனா தங்கராஜ். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயதாக இருந்தபோது நஸ்ரீனா மிஸ் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வாப்பாவுக்குக் கண்டி டவுனில் பலசரக்குக் கடை. நாற்பது தகர டின்களுக்கு லேபல் ஒட்டித்தான் எழுதப் பழகினேன் என்று சொல்லுவார். சத்தமாகப் பேசமாட்டார். பழைய தாள் எதையும் தொடுமுன் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவார். கை காயும்வரை பக்கத்தில் இருப்பவர்களிடம் வீட்டு நலம் விசாரிப்பார். எழுத எப்போதும் பென்சில்தான். வந்த இரண்டாம் நாளே என் பேனாவைப் பார்த்துவிட்டார். "சிவப்பு வேணாம் தங்கராஜ் அண்ணன், பென்சில் போதும். பிழை நம்மடதாவும் இரிக்கலாம்தானே," என்றார். நான் சரி மிஸ் என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு முறை சொல்லவும் இல்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பதிவைக் காட்டி இது சரியா என்று கேட்டால், சரி பிழை சொல்லமாட்டார். "இது என்ன சாமான்?" என்று கேட்பார். நூலா, கடிதமா, ஒருவர் வாயால் சொன்னதா? அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். "கையில எடுத்துப் பாத்தீங்களா?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாத பதிவில் அவர் கையெழுத்துப் போட்டதை, ஒரே ஒரு தடவை தவிர, நான் கண்டதில்லை. மாணவர்கள் அவரைக் கண்டு பயந்ததும் இல்லை, ஏமாற்றியதும் இல்லை. நாற்பது பக்கப் பட்டியலில் இருந்து ஒரே ஒரு பொய்ப் பக்க எண்ணை எடுத்து மேசையில் வைப்பார். வைத்துவிட்டு, வைத்ததற்கு அவரே மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சிரிப்பும் சிரிப்பார்.

இனி மகேஸ்வரியின் கதைக்கு வருகிறேன். ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்களைப் பற்றி ஆய்வேடு எழுதினாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே முப்பது வருடம் ஆயாவாக இருந்த முத்தம்மா என்பவர் தினமும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். எந்தப் பிள்ளை பால் குடித்தது, எதற்குக் காய்ச்சல், அன்றைக்கு அதன் தாய் எந்த மலையில் நிற்கிறாள், எல்லாம். பிள்ளைக்கு ஒன்று என்றால் ஆள் அனுப்ப வேண்டுமே, அதற்காக. அப்படி ஒன்பது கொப்பிகள். மகேஸ்வரியின் ஆய்வேட்டில் பாதி உயிர் அந்தக் கொப்பிகளில் இருந்து வந்தது.

அவள் கொண்டுவந்த பட்டியலில் அந்தப் பதிவு சரியாகத்தான் இருந்தது. முத்தம்மா, ரெ., பிள்ளைக்காம்பராக் குறிப்புகள், கையெழுத்துக் கொப்பிகள், எழுதியவரிடம் உள்ளன. நான்தான் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே ஒரு பேராசிரியரின் நூல். கீழே ஓர் ஆணைக்குழு அறிக்கை. நடுவில் ஓர் ஆயாவின் பள்ளிக்கூடக் கொப்பி. நானும் லயத்துக் காம்பராவில் பிறந்தவன்தான், அதை அலுவலகத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. பரீட்சகர் இதைப் பார்த்துச் சிரித்துவிடுவார், நம் பிள்ளையை மட்டமாக நினைத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. இடம், வெளியீட்டாளர் இல்லாத பதிவு பட்டியலில் நிற்காதும்மா என்று அவளிடம் சொன்னேன். "அது புஸ்தகம் இல்லைங்க சார், கொப்பிதான்," என்றாள். அதெல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லி, சிவப்புப் பேனாவை எடுத்து, இடம் என்பதற்குத் தோட்டத்தின் பெயரையும், வெளியீட்டாளர் என்பதற்குத் தோட்ட நிர்வாகம் என்றும் எழுதினேன். வெளியிடப்படாதவை என்ற தலைப்பின் கீழ் இருந்ததைத் தூக்கி நூல்கள் என்பதன் கீழ் போட்டேன். அவள் அப்படியே தட்டச்சுச் செய்து கொண்டுவந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன், என்னை நம்பி மிஸ்ஸும் கீழே போட்டார். அன்றைக்கு நல்ல காரியம் ஒன்று செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வெளியில் இருந்து வந்த பரீட்சகருக்கு அந்த ஆய்வேடு மிகவும் பிடித்துப்போயிருக்கிறது. பிடித்ததால்தான் அந்த நூலை வாங்கிப் படிக்கத் தேடியிருக்கிறார். எங்கும் இல்லை. தோட்டத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நாங்கள் எந்த நூலும் வெளியிடவில்லை என்று பதில் வந்திருக்கிறது. இல்லாத மூலத்தை இருப்பதாகக் காட்டினால் அது மோசடி. விசாரணை முடியும்வரை மகேஸ்வரிக்குப் பட்டம் இல்லை. அந்த வருட ஆசிரியர் நியமனத்துக்குப் பட்டச் சான்றிதழோடு விண்ணப்பிக்க அவளுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

மிஸ் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது எனக்குக் காதுக்குள் வண்டு புகுந்ததுபோல இருந்தது. மேசைக்குப் போய் அடுத்த பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன். மாற்றியது நான்தான் என்று அன்று முழுவதும் சொல்லவில்லை. பென்ஷனுக்குப் பத்து வருடம்கூட இல்லை, வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். சாயந்தரம் படிக்கட்டில் மகேஸ்வரியைக் கண்டேன். பிழை தன்னுடையதுதான் என்று துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டாளாம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சார் எங்களுக்காகத்தானே செஞ்சீங்க," என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. திரும்பி மேலே ஏறிப் போய் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று நின்றேன்.

"கொப்பிய நீங்க கையில எடுத்துப் பாத்தீங்களா?"

"இல்ல மிஸ்."

"நானும் பாக்கல்ல. உங்கட கையெழுத்துக்குக் கீழ என்ட கையெழுத்தும் இரிக்கி. உங்கள நம்பிப் போட்டது. அப்ப ரெண்டு பேரும் போய்ப் பாப்பம்," என்றார்.

அவர் பார்க்காமல் போட்ட கையெழுத்து என் அறிவுக்கு எட்டியவரை அது ஒன்றுதான். அதுவும் எனக்காகப் போட்டது.

சனிக்கிழமை மகேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு மூவரும் கடுகண்ணாவைக்குப் போனோம். முத்தம்மா ஓய்வுபெற்று, பேக்கரியில் வேலை செய்யும் மகனோடு அங்கே இருந்தார். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான, கண்ணில் கூர்மையுள்ள மனுசி. மகேஸ்வரியைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். எங்கள் இருவரையும் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கொப்பியா, அதெல்லாம் இப்போது இல்லை, எரித்தாயிற்று என்றார். மகேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு கேட்டும் முத்தம்மா அதையே திருப்பிச் சொன்னார். பிறகு மகன்தான் விஷயத்தைச் சொன்னார். தோட்டத்து ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து, எங்கள் பெயரில் புத்தகம் போட்டாயா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லையாம்.

நான் எழுதிய ஒரு வரி மலையிறங்கி இவ்வளவு தூரம் வந்து ஓர் ஏழை மனுசியின் நித்திரையைக் கெடுத்திருக்கிறது. மிஸ் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை. வரக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் முத்தம்மாவுக்கு முன்னால் இருந்த பலகையில் உட்கார்ந்தேன். "அக்கா, அதை எழுதினது நான்தான். கொப்பின்னு எழுத எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதனால புஸ்தகம்னு போட்டேன். பிழை உங்க மேல இல்ல, பிள்ளை மேலயும் இல்ல," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னேன். முப்பது வருடத்தில் கண்டியில் என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, நான் பதில் சொன்னதும் இல்லை. "நான் எழுதினதுக்கு நானே வெக்கப்படலீங்களே, நீங்க எதுக்கு வெக்கப்பட்டீங்க?" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். வரும்போது அவர் கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது.

மிஸ் எழுந்து, கை கழுவ எங்கே என்று கேட்டார். கழுவிவிட்டு வந்து, கை காயும்வரை முத்தம்மாவிடம் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். மேசையில் சுத்தமான துவாய் ஒன்றை விரிக்கச் சொன்னார். கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்து, அடிமட்டத்தால் நீளம் அகலம் பார்த்து, தாள்களை எண்ணி, முதல் வரியையும் கடைசி வரியையும் அப்படியே துண்டில் எழுதிக்கொண்டார். மூன்றாவது கொப்பியில் தண்ணீர் பட்ட பக்கங்கள் எத்தனை என்றுகூட எழுதினார். எந்த வருடத்தில் தொடங்கியது, ஏன் நடுவில் இரண்டு மாதம் எழுத்து இல்லை என்று கேட்டார். இரண்டு மாதம் வேலைநிறுத்தம், பிள்ளைகள் வரவில்லை என்றார் முத்தம்மா. தலைப்பு என்ன என்று கேட்டதற்கு, தலைப்பெல்லாம் வைக்கவில்லை என்று பதில் வந்தது. இல்லாத தலைப்பை நாம் வைக்கக்கூடாது, என்ன சாமான் என்று மட்டும் எழுதுவோம் என்று மகேஸ்வரியைப் பார்த்துச் சொல்லி, பிள்ளைக்காம்பராவில் எழுதிய நாட்குறிப்புகள் என்று பென்சிலால் எழுதினார். வெளியீட்டாளர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்தார். இருக்கும் இடம் என்பதற்கு, முத்தம்மாவிடம், கடுகண்ணாவை என்று எழுதினார். ஒரு பேராசிரியரின் நூலுக்குக் காட்டும் அதே நிதானம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரிபார்ப்பு மேசையில் நான் பதினைந்து வருடம் செய்த வேலை என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

ஐந்தாவது கொப்பியைப் புரட்டும்போது அவர் கை நின்றது. அதை மகேஸ்வரியின் பக்கம் திருப்பி வைத்தார். 'மகேஸ்வரி. எட்டு மாசம். பால் வேண்டாம் என்று அழுதாள். தாய் ஏழாம் நம்பர் மலை. ஆள் அனுப்பி வரவழைத்தேன். தாயைக் கண்டதும் சிரித்தாள்' என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. ஆய்வுக்காக எத்தனையோ பக்கங்களைப் படித்தவள், தன் பெயர் இருந்த பக்கத்தை அவள் பார்த்திருக்கவில்லை. "ஆமா, நீ பெரிய பிடிவாதக்காரி," என்றார் முத்தம்மா.

கொப்பிகளைத் தானே கொண்டுவருவதாக முத்தம்மா சொல்லிவிட்டார். விசாரணை நாளன்று நல்ல சேலை உடுத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மூன்று பேர். நான் எழுதிக் கொண்டுபோன வாக்குமூலத்தை வாசித்தேன். பரீட்சகர் வயதானவர், நிதானமானவர். முப்பது வருட அனுபவம் உள்ள நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். "வெட்கம் சார்," என்றேன். மிஸ் எழுந்து, சரிபார்ப்பு மேசை தன் பொறுப்பில் உள்ளது, கையில் எடுத்துப் பார்க்காமல் தானும் கையெழுத்திட்டதாகச் சொன்னார். பிறகு முத்தம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். பரீட்சகர் ஒரு கொப்பியை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். மற்ற இருவரும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகும் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முத்தம்மாவைப் பார்த்து, "இதைத் தேடித்தான் அம்மா நான் கடைகடையாக அலைந்தேன்," என்றார்.

மகேஸ்வரிக்குப் பட்டம் கிடைத்தது. நியமனத்துக்குத் தேதி முடிய நான்கு நாள் இருக்கையில் விண்ணப்பம் போட்டாள். இப்போது மலையகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உப அதிபர். அலுவலகத்தில் என் பெயரில் இருந்த கோவையில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது. மிஸ்ஸின் கோவையிலும் ஒன்று சேர்ந்தது என்பதை அவர் இடம் மாறிப் போன பிறகுதான் வேறொருவர் சொல்லி அறிந்தேன். அவர் என்னிடம் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

பைண்ட் செய்து முடிந்த ஆய்வேட்டில் ஒரு பிழைதிருத்தத் தாள் ஒட்ட வேண்டும் என்பது விசாரணைக் குழுவின் முடிவு. மிஸ் எழுதினார். இன்ன பக்கத்தில் உள்ள பதிவு நூலகத்தின் சரிபார்ப்பில் பிழையாக மாற்றப்பட்டது, கையெழுத்துக் கொப்பிகள் என்று மாணவி முதலில் எழுதியதே சரி, இவ்வளவுதான். அதில் என் பெயரையும் போடச் சொன்னேன். அது தேவையில்லை அண்ணன், நூலகம் என்று இருந்தால் போதும் என்றார்.

"ஆசிரியர் பெயர் இல்லாம ஒரு பதிவு நிக்காது மிஸ்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் பென்சிலை என்னிடம் நீட்டினார். அவர் எழுதிய வாசகத்தை என் பெயரோடு நானே என் கையால் திரும்ப எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்குப் பிறகு சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

பிரதீபாவுக்கு இதைச் சொல்லி முடித்ததும் அவள் கம்ப்யூட்டரில் பார்த்தாள். சாமான் என்ன என்ற முதல் கேள்விக்கே நூல் என்று அழுத்தியிருந்தாள். கையெழுத்துப் பிரதி என்று மாற்றினாள், சிவப்புக் கட்டம் தானாகவே மறைந்து, இருக்கும் இடம் எது என்று இன்னொரு கட்டம் வந்தது. நல்ல கருவி. நான் அரை நாள் செய்ததை அரை நிமிடத்தில் செய்கிறது, எனக்கு அதன்மேல் ஒரு மனத்தாங்கலும் இல்லை. முத்தம்மா தன் கொப்பிகளை எங்கள் நூலகத்துக்கே கொடுத்துவிட்டதால் இருக்கும் இடத்தை எழுதுவதும் சுலபமாக இருந்தது. இப்போது கேட்டால் இல்லாத நூல்களுக்கும் அழகாகப் பதிவு போட்டுத் தருகிற கருவிகள் வந்துவிட்டன சார் என்று அவள் சொன்னாள். அந்த வேலையை நான் கையாலேயே செய்தவன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழும்பும்போது, விளையாட்டாக என் பெயரை நூலகப் பட்டியலில் தேடிப் பார்க்கிறேன் என்றாள். நான் ஒரு வரிகூட அச்சில் எழுதாதவன், ஒன்றும் வராது என்றேன். ஒன்று வந்தது. எனக்குத் தெரியாமல் மிஸ் எப்போதோ பதிந்து வைத்திருக்கிறார். நின்றபடியே வாசித்தேன்.

தங்கராஜ், க. பிழைதிருத்தம். கையெழுத்து, ஒரு தாள். வெளியீட்டாளர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. அதற்குக் கீழே குறிப்பு: கையில் எடுத்துப் பார்க்கப்பட்டது. ந.